கையாலேயே கிறிஸ்துமஸ் ஸ்டாக்கிங் தைக்க முடியுமா? புதிதாகத் தைப்பவளுக்கு யோசனை சொல்லுங்கள்

குன்னூர்க்காரி
நவம்பர் 18, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருஷம் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கிறிஸ்துமஸ் ஸ்டாக்கிங்கை நானே தைத்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கடையில் தொங்குகிற சிவப்பு சாக்ஸ் மெல்லிசுத் துணி, ஓரமெல்லாம் பசை போட்டு ஒட்டியது. ஆரஞ்சைப் போட்டாலே அடி பிரிந்துவிடுகிறது. எனக்கு வேண்டியது கனமாக, வருஷா வருஷம் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டுகிற மாதிரி ஒன்று. நாலு ஆரஞ்சு, ஒரு பாக்கெட் வர்க்கி, கொஞ்சம் ஹோம்மேட் சாக்லேட், ஒரு சின்னக் கதைப் புத்தகம், இவ்வளவையும் தாங்க வேண்டும்.

வீட்டில் மெஷின் கிடையாது. பட்டன் வைப்பேன், சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பேன், பாவாடை ஓரம் மடித்துத் தைப்பேன். அதற்கு மேல் தையல் தெரியாது. என்ன துணி எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம், கையாலேயே முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேத்திப் பொண்ணு
நவம்பர் 18, இரவு 9:32

அக்கா, ஃபெல்ட் ஷீட் வாங்குங்க. பிசிறு வராது, ஓரம் மடிக்க வேண்டாம், இரண்டு துண்டை வெட்டி வெளிப்பக்கமே சுற்றித் தைத்தால் வேலை முடிந்தது. ஆனால் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற ஏ4 அளவு ஷீட் பத்தாது, மீட்டர் கணக்கில் விற்கிற கடையில் கேட்கணும்.

ஊட்டி மார்க்கெட்
நவம்பர் 18, இரவு 10:05

ஃபெல்ட் எல்லாம் ஒரே மாதிரி இல்லை தங்கச்சி. கைவேலைக்கு விற்கிற மெல்லிசு பாலியெஸ்டர் ஃபெல்ட்டில் ஊசி போன இடத்தில் ஓட்டை பெரிதாகும். நாலு ஆரஞ்சு என்கிறார்கள். கனம் இழுக்க இழுக்கத் தையல் வழியாகவே கிழிந்து வரும். நல்ல கனமான ஃபெல்ட் கிடைத்தால் எடுங்கள். இல்லையென்றால் ஃப்ளீஸ், குளிருக்குப் போடுகிற ஜாக்கெட்டில் இருக்குமே, அந்த மெத்தென்ற துணி. திருப்பூரிலிருந்து வருகிற ஃப்ளீஸ் கட்பீஸ் நம்ம மலையில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. விலையும் கைக்கு அடக்கம்தான்.

தையல் டீச்சர், கோத்தகிரி
நவம்பர் 19, காலை 6:50

குன்னூர்த் தங்கைக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கையால் தாராளமாகத் தைக்கலாம். பல வருஷமாகப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். மெஷினில் உட்காரும் முன் ஒரு சாமானையாவது முழுக்கக் கையால் தைத்து முடிக்க வைப்பேன். ஸ்டாக்கிங் அதற்கு மிகவும் பொருத்தமான சாமான். நேர்க்கோடு இருக்கிறது, உள்வளைவு இருக்கிறது, வெளிவளைவு இருக்கிறது. இந்த மூன்றும் கைக்குப் பழகிவிட்டால் பிறகு பிள்ளைக்குச் சட்டையே தைக்கலாம்.

துணியைப் பற்றி. புதிதாகத் தைப்பவருக்குச் சாட்டினும் வெல்வெட்டும் வேண்டாம். சாட்டின் வழுக்கும், நூல் நூலாகப் பிரியும். வெல்வெட்டில் இரண்டு முகமும் ஒன்றோடொன்று உரசி நகர்ந்துகொண்டே இருக்கும், நேராகப் பிடிப்பது கஷ்டம். ஃப்ளீஸ் நல்லது. அதைவிட நல்லது நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. பழைய கம்பளி ஸ்வெட்டர், கிழிந்த கம்பளிப் போர்வை. தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் எஸ்டேட்டில் கொடுத்த கம்பளி ஒன்றாவது மடித்து வைத்திருப்பார்கள். நடுவில் ஓட்டை விழுந்திருந்தாலும் ஓரத்தில் ஸ்டாக்கிங்குக்கு வேண்டிய துண்டு தேறும். மேல் பட்டைக்கு மட்டும் வெள்ளையாக ஏதாவது வாங்கிக்கொண்டால் போதும்.

அளவு. ஒரு முழு நியூஸ்பேப்பரில் 18 இஞ்ச் உயரம், 12 இஞ்ச் அகலம் உள்ள கட்டம் போடுங்கள். மேலே வாய் 8 இஞ்ச். அங்கிருந்து பின்பக்கக் கோட்டை நேராகக் கீழே இறக்கி, குதிகாலை ஒரு தட்டை வைத்து வளைத்துவிடுங்கள். முன்பக்கக் கோடு சுமார் 9 இஞ்ச் வரை நேராக இறங்கி, பிறகு மெதுவாகத் திரும்பிக் கால்விரல் பக்கம் போகட்டும். பாதத்தின் உயரம் 6 இஞ்ச். விரல் நுனி கூராக வேண்டாம், நல்ல உருண்டையாக இருக்கட்டும். தையலுக்கு விடுகிற அரை இஞ்ச் இந்த அளவுக்குள்ளேயே இருக்கிறது, தனியாகக் கூட்ட வேண்டாம். தைத்து முடித்தால் வாய் 7 இஞ்ச் வரும், பெரியவர் கை உள்ளே போய்வரும்.

44 இஞ்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணி என்றால் ஒரு ஸ்டாக்கிங்குக்கு அரை மீட்டர் போதும். அதிலேயே மேல் பட்டைக்கும் துண்டு மிஞ்சும்.

வெட்டும்போது ஒன்றே ஒன்றை மறக்கக் கூடாது. துணியை நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு இரண்டாக மடித்து, மேலே பேப்பரைக் குண்டூசியால் குத்தி, இரண்டு துண்டையும் ஒரே தடவையில் வெட்டுங்கள். தனித்தனியாக ஒரே பக்கமாக வைத்து வெட்டினால் இரண்டுமே இடது கால் ஆகிவிடும், ஜோடி சேராது. ஃபெல்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்று என்பதால் திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம். மற்ற துணிக்கு அந்த வழி இல்லை.

குன்னூர்க்காரி
நவம்பர் 19, மதியம் 1:15

டீச்சர், ரொம்ப நன்றி. வீட்டுக்காரருடைய பழைய மெரூன் ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது. முழங்கையில் கிழிந்திருக்கிறது, முதுகும் மார்பும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்வெட்டரை வெட்டினால் பின்னல் பிரிந்துகொண்டே வராதா?

ஊட்டி மார்க்கெட்
நவம்பர் 19, மதியம் 2:40

அது அசல் கம்பளியா, அக்ரிலிக்கா என்று முதலில் பார்க்கணும். இங்கே திபெத்தியர் கடைகளில் விற்கிற ஸ்வெட்டர் நிறைய லூதியானாவிலிருந்து வருவது. அதில் அசல் கம்பளியும் உண்டு, கலப்பும் உண்டு, முழு அக்ரிலிக்கும் உண்டு. உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற வாடை வரும், சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். சிங்க் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள், பிள்ளைகள் கிட்டே வர வேண்டாம்.

கம்பளி என்று தெரிந்தால் வெந்நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கசக்கித் துவையுங்கள். சாதாரணமாக ஸ்வெட்டருக்கு எதையெல்லாம் செய்யக் கூடாது என்பார்களோ, அதையெல்லாம் செய்யணும். கம்பளி இழையின் மேல் பொடிப்பொடிச் செதில்கள் உண்டு. சூட்டிலும் கசக்கலிலும் அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். துணி சுருங்கித் தடித்து, பின்னல் கண்ணே தெரியாத அளவுக்கு இறுகிவிடும். அப்புறம் எங்கே வெட்டினாலும் பிரியாது. ஒரு தடவையில் இறுகவில்லை என்றால் மறுபடியும் செய்யலாம். 'மெஷின் வாஷ்' என்று சீட்டு இருக்கிற கம்பளி மட்டும் இதற்கு மசியாது, சுருங்காமல் இருக்கவே அதைப் பக்குவம் செய்திருப்பார்கள். அக்ரிலிக்கும் அப்படித்தான், என்ன கசக்கினாலும் இறுகாது.

தையல் டீச்சர், கோத்தகிரி
நவம்பர் 19, மாலை 5:20

அண்ணா சொன்னது சரி. துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பேப்பரை வைக்க வேண்டும். மஞ்சு மூடுகிற இந்த நாட்களில் தடித்த கம்பளி காய மூன்று நாளானாலும் ஆகும். ஈரத்தில் வெட்டினால் காய்ந்தபின் அளவு மாறிவிடும். சுருங்கிய பிறகு 18 இஞ்ச் கிடைக்காவிட்டால் உயரத்தை 15 ஆக்கிக்கொள்ளுங்கள், பாதத்தைக் குறைக்காதீர்கள். பாதம் சின்னதாகிவிட்டால் பார்ப்பதற்குப் பை மாதிரி இருக்குமே தவிர சாக்ஸ் மாதிரி இருக்காது.

கேத்தி ஊசிக்காரர்
நவம்பர் 19, இரவு 8:00

துணியைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், ஊசியைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் கேத்திப் பள்ளத்தாக்கில்தான் நீடில் இண்டஸ்ட்ரீஸ் ஆலை இருக்கிறது. 1949-இல் தொடங்கியது. நீங்கள் கடையில் வாங்குகிற போனி ஊசி நம் நீலகிரியில் செய்தது என்பது இங்கே இருக்கிற பலருக்கே தெரியாது.

கைத்தையல் ஊசியில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 9, 10 எல்லாம் மெல்லிய துணிக்கு. ஃப்ளீஸ், கம்பளி, ஃபெல்ட்டுக்கு 5 அல்லது 6 எடுங்கள். காது பெரிதாக இருக்கும், இரட்டை நூல் சுலபமாகப் போகும். மெஷின் ஊசி இதற்கு நேர்மாறு, நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும். பல நம்பரும் கலந்து வருகிற ஒரு பாக்கெட் வாங்கினால் கையால் தைக்கிற வேலைக்கெல்லாம் போதும்.

நூலுக்கும் ஒரு வழி உண்டு. பாலியெஸ்டர் நூலை இரட்டையாகப் போட்டு, தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு தடவை இழுத்துவிட்டுத் தையுங்கள். முடிச்சு விழாது, நூலும் சீக்கிரம் அறுகாது. குறும்பர்கள் பாறைத் தேன் எடுத்த பிறகு அடையை உருக்கி எடுக்கிற மெழுகு கோத்தகிரி, குன்னூரில் தேன் விற்கிற இடங்களில் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். நூலின் நீளம் தோளிலிருந்து விரல் வரை இருந்தால் போதும். நீளமாக எடுத்தால் நேரம் மிச்சம் என்று தோன்றும், சிக்கெடுக்கிற நேரத்தில் அது போய்விடும்.

தையல் டீச்சர், கோத்தகிரி
நவம்பர் 20, காலை 7:05

ஊசிக்காரர் ஐயா அருமையாகச் சொன்னார். இனி தையல்.

இரண்டு துண்டையும் நல்ல பக்கம் உள்ளே வைத்துச் சேர்த்து, சுற்றிக் குண்டூசி குத்துங்கள். சாக்பீஸால் ஓரத்திலிருந்து அரை இஞ்ச் உள்ளே கோடு போடுங்கள். முழுக்கப் போடுங்கள், கண் மதிப்பில் விட வேண்டாம். அந்தக் கோட்டின் மேலேயே முதலில் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டுக் குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு பின்தையல். ஊசியை மேலே எடுத்து, ஒரு தையல் பின்னால் குத்தி, இரண்டு தையல் முன்னால் எடுப்பது. மேலே பார்த்தால் மெஷின் போட்டது போலக் கோடு இடைவெளி இல்லாமல் வரும். ஒரு தையல் அரிசி நீளத்துக்கு மேல் போகக் கூடாது. குதிகாலிலும் விரல் நுனியிலும் அதிலும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆரஞ்சின் பாரம் முழுக்க அங்கேதான் உட்காரும்.

வெறும் ஓட்டுத் தையல் மட்டும் போட்டால் ஓர் இடத்தில் நூல் அறுந்ததும் முழு வரிசையும் உருவிக்கொண்டு வரும். பின்தையலில் ஒவ்வொரு தையலும் தன் இடத்தில் பூட்டி நிற்கும். மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை. ஒரு மாலையில் ஒரு பக்கம், மறுநாள் மறுபக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாயைத் தைத்துவிடாதீர்கள். அதைத் திறந்தே விட வேண்டும்.

கொடைக்கானல் வாசி
நவம்பர் 20, காலை 11:30

நல்ல இழை. ஒரு கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குடில், ஸ்டார், கேரல், அச்சுமுறுக்கு இவை நம் வீட்டுக் கிறிஸ்துமஸ். ஸ்டாக்கிங் எப்போதிலிருந்து வந்தது? எங்கள் பாட்டி காலத்தில் பார்த்த நினைவே இல்லை.

வெலிங்டன் ஆசிரியர்
நவம்பர் 20, மதியம் 12:45

மலையில் துரைமார் பங்களாக்களில் இருந்தது. ஃபயர்பிளேஸ் மேலே தொங்கவிடுவார்கள். அங்கே ஆயா வேலை, சமையல் வேலை பார்த்தவர்கள் வழியாகச் சில வீடுகளுக்கு வந்தது. உங்கள் கொடைக்கானலிலும் இருந்திருக்குமே. 1845-இல் மதுரையிலிருந்து ஏறி வந்து முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் அமெரிக்க மிஷனரிகள்தான். 1901-இல் அவர்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளியும் வந்துவிட்டது.

வழக்கத்தின் வேர் புனித நிக்கொலாஸ். இன்றைய துருக்கியில் உள்ள மீரா ஊரின் ஆயர், 4-ஆம் நூற்றாண்டு. வரதட்சணைக்கு வழியில்லாமல் மூன்று பெண்களை வைத்துக்கொண்டு தவித்த ஒரு தகப்பனுக்கு, அவர் இரவில் யாருக்கும் தெரியாமல் பொற்காசுகளை வீட்டுக்குள் போட்டார் என்று கதை. காயப்போட்டிருந்த காலுறைக்குள் அவை விழுந்தன என்பது பிற்காலத்தில் சேர்ந்தது. ஸ்டாக்கிங்கின் விரல் நுனியில் ஆரஞ்சு வைப்பதைப் பலர் அந்தப் பொன்னோடு சேர்த்துச் சொல்வார்கள். நெதர்லாந்தில் இப்போதும் டிசம்பர் 5 இரவு கொண்டாட்டத்தை ஒட்டிப் பிள்ளைகள் சாக்ஸுக்குப் பதில் ஷூவைத்தான் வைக்கிறார்கள்.

வரதட்சணைக் கவலையில் இருந்த ஒரு வீட்டுக்குப் பெயர் வெளியே தெரியாமல் உதவியது நம் ஊருக்குப் புரியாத கதையா? எனக்கு இந்த வழக்கம் பிடித்திருப்பதற்குக் காரணமே அதுதான்.

கொடைக்கானல் வாசி
நவம்பர் 20, மதியம் 1:20

நன்றி சார், இது தெரியாமல் இருந்தது. அப்படியானால் தாண்டிக்குடிப் பக்கத்துக் கமலா ஆரஞ்சையே வைத்துவிடலாம். நானும் ஒன்று தைக்கிறேன்.

லயத்து வீட்டுப் பெண்
நவம்பர் 20, இரவு 9:15

ஃபயர்பிளேஸ் என்றதும் ஞாபகம் வந்தது. எங்களைப் போல லயத்து வீட்டில் இருப்பவர்கள் ஜன்னல் கம்பியிலோ கட்டில் தலைமாட்டிலோ மாட்டுவோம், பிரச்சினை இல்லை. நெருப்பு மூட்டுகிற வீட்டில் ஃப்ளீஸ், ஃபர், பாலியெஸ்டர் ஃபெல்ட் எதையும் அதன் மேலே தொங்கவிடாதீர்கள். பொறி பட்டால் உருகி ஒட்டும். கரி அடுப்பு, ரூம் ஹீட்டர் பக்கமும் வேண்டாம். கம்பளி அவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்காது, இருந்தாலும் தள்ளியே மாட்டுங்கள்.

குன்னூர்க்காரி
நவம்பர் 26, மாலை 4:30

டீச்சர், ஸ்வெட்டர் அசல் கம்பளிதான், நல்ல கெட்டியாக இறுகிவிட்டது. ஒரு ஸ்டாக்கிங்கைச் சுற்றித் தைத்தாகிவிட்டது. பின்தையல் அழகாக விழுந்திருக்கிறது. ஆனால் நல்ல பக்கம் வெளியே திருப்பினால் கணுக்கால் மடிகிற முன்பக்கத்தில் துணி இழுத்துக்கொண்டு சுருக்கம் விழுகிறது. விரல் நுனி உருண்டையாக வராமல் மூலை மூலையாக நிற்கிறது. பிரித்து மறுபடியும் தைக்க வேண்டுமா?

தையல் டீச்சர், கோத்தகிரி
நவம்பர் 26, மாலை 6:10

ஒரு தையலையும் பிரிக்க வேண்டாம். தையலுக்கு வெளியே விட்ட அரை இஞ்ச் துணிதான் அங்கே மல்லுக்கட்டுகிறது. மறுபடியும் உள்பக்கம் வெளியே வருமாறு திருப்புங்கள்.

கணுக்கால் முன்பக்கம் உள்வளைவு. அங்கே ஓரத் துணியின் நீளம் குறைவு, திருப்பியதும் அது விரிந்து படுக்க வேண்டும், விரிய இடமில்லாமல் இழுக்கிறது. அதனால் ஓரத்திலிருந்து தையலை நோக்கி நேராகக் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டுக் கொடுங்கள், அரை இஞ்சுக்கு ஒன்று. தையலுக்கு ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், தையலைத் தொடக் கூடாது. கத்தரியின் நுனி மட்டும் வேலை செய்யட்டும்.

குதிகாலும் விரல் நுனியும் வெளிவளைவு. அங்கே விஷயம் தலைகீழ். ஓரத் துணி அதிகம், திருப்பியதும் சின்ன இடத்துக்குள் நெருக்கிக்கொண்டு மடிகிறது, அந்த மடிப்புதான் வெளியே மூலையாகத் தெரிகிறது. அங்கே நேர் வெட்டு உதவாது. முக்கோணமாகத் துண்டு எடுத்துவிட வேண்டும். உங்களுடையது தடித்த கம்பளி, ஆகவே முதலில் சுற்றிலும் ஓரத்தைக் கால் இஞ்சாகக் குறைத்துவிட்டு, விரல் நுனியில் ஐந்தாறு முக்கோணம் எடுங்கள்.

பிறகு திருப்பி, உள்ளே கையை விட்டுத் தையல் கோட்டை விரலால் வெளியே தள்ளிப் பரப்புங்கள். மரக்கரண்டியின் பிடியாலும் தள்ளலாம். கம்பளி என்பதால் மேலே ஈரத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஃப்ளீஸ் என்றால் இஸ்திரியே வேண்டாம்.

குன்னூர்க்காரி
நவம்பர் 26, இரவு 8:40

டீச்சர், வந்துவிட்டது! வெட்டுக் கொடுத்துத் திருப்பியதும் அந்தச் சுருக்கம் இருந்த இடமே தெரியவில்லை. விரல் நுனி கடையில் வாங்கியதைவிட உருண்டையாக நிற்கிறது. இனி உள்துணியும் மேல் பட்டையும்.

அரவங்காடு மெஷின்
நவம்பர் 27, காலை 10:20

மெஷினில் தைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தடித்த துணிக்கு 16 நம்பர் ஊசி, தையல் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி 3 மில்லிமீட்டர் வாக்கில் வையுங்கள். ஃப்ளீஸை இழுத்துப் பிடித்துத் தைக்காதீர்கள், ஓரம் அலை அலையாக வந்துவிடும். மேல் பட்டைக்கு ஃபர் துணி வாங்கினால் உள்பக்கத்திலிருந்து கத்தரி நுனியால் அடித்துணியை மட்டும் வெட்டுங்கள். மேலே இருந்து முழுக் கத்தரியையும் போட்டால் முடியெல்லாம் மொட்டையாகிவிடும்.

தையல் டீச்சர், கோத்தகிரி
நவம்பர் 27, மாலை 5:45

உள்துணிக்குப் பழைய காட்டன் சேலை, வேட்டி எதுவும் சரி. அதே பேப்பரை வைத்து வெட்டி, தைக்கும்போது மட்டும் கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே தள்ளித் தையுங்கள். உள்துணி கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் உள்ளே கொசகொசவென்று சேராது. அதைத் திருப்ப வேண்டாம். பிசிர் உள்ள பக்கம் வெளியே இருக்க, அப்படியே ஸ்டாக்கிங்குக்குள் இறக்குங்கள், விரல் விரலோடும் குதிகால் குதிகாலோடும் சேர வேண்டும்.

மேல் பட்டைக்கு 15 இஞ்ச் நீளம், 9 இஞ்ச் அகலத்தில் ஒரு துண்டு. இரண்டு முனையையும் சேர்த்து அரை இஞ்ச் விட்டுத் தைத்தால் 14 இஞ்ச் சுற்றளவில் வளையம். உங்கள் வாயின் சுற்றளவும் அதுதான். துணி தடிப்பாக இருந்தால் கால் இஞ்ச் கூடுதலாக விடுங்கள், வெளியே மடங்கி வரும்போது இறுக்காது. வளையத்தை நல்ல பக்கம் வெளியே இருக்குமாறு அகலவாக்கில் இரண்டாக மடித்து, ஸ்டாக்கிங்கின் வாய்க்குள்ளே விடுங்கள். மடிப்பு கீழே, பிசிர் ஓரம் மேலே. ஸ்டாக்கிங், உள்துணி, பட்டை மூன்றின் ஓரமும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். பட்டையின் மூட்டு குதிகால் பக்கத் தையலோடு பொருந்தட்டும்.

மாட்டுவதற்கு 7 இஞ்ச் நாடாவை இரண்டாக மடித்து, அதே குதிகால் பக்கத்தில் உள்துணிக்கும் பட்டைக்கும் நடுவில் சொருகுங்கள். நாடாவின் இரண்டு முனையும் மேலே, மடிந்த பக்கம் கீழே. சுற்றிப் பின்தையல் போடுங்கள். நாடா இருக்கிற இடத்தில் போய்வந்து மூன்று தடவை தைக்க வேண்டும். ஸ்டாக்கிங் அறுந்து விழுந்தால் பெரும்பாலும் அங்கேதான் அறுந்திருக்கும்.

பிறகு பட்டையை வெளியே இழுத்துக் கீழே மடித்துவிடுங்கள். பிசிர் எல்லாம் அதற்கடியில் மறைந்துவிடும். நாடா தானாக மேலே நிற்கும்.

பந்தலூர் சண்டே ஸ்கூல்
நவம்பர் 28, காலை 9:00

எங்கள் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் எல்லோருக்கும் தைக்க ஆசை. 58 இஞ்ச் பன்னா ஃப்ளீஸ் எடுத்தால் மீட்டருக்கு எத்தனை வரும்? பட்டை வேறு துணியில்.

ஊட்டி மார்க்கெட்
நவம்பர் 28, காலை 9:50

டீச்சர் அளவுக்கு மீட்டருக்கு நாலு ஸ்டாக்கிங் நிச்சயம். 18 இஞ்சில் இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு துண்டு. ஒன்றைத் தலைகீழாக வைத்துப் பாதத்தை இடுக்கில் நுழைத்தால் இன்னும் ஒன்று தேறலாம். எப்படி வைத்தாலும் ஸ்டாக்கிங்கின் உயரம் துணியின் கரை ஓரத்தோடு போகட்டும். ஃப்ளீஸ் அகலவாக்கில்தான் அதிகம் இழுபடும். உயரம் அந்தப் பக்கம் போய்விட்டால் பாரம் ஏற ஏற ஸ்டாக்கிங் தொங்கி நீளும்.

கேத்திப் பொண்ணு
நவம்பர் 28, இரவு 7:30

வெள்ளைப் பட்டையில் தோடர் எம்பிராய்டரி மாதிரி சிவப்பும் கறுப்பும் போட்டால் நம்ம நீலகிரி ஸ்டாக்கிங் ஆகிவிடும் இல்லையா? டிசைனைப் பார்த்துப் போடலாம் என்று இருக்கிறேன்.

தையல் டீச்சர், கோத்தகிரி
நவம்பர் 28, இரவு 8:55

ஆசை நல்ல ஆசைதான் கண்ணு. ஆனால் பார்த்துப் போட வேண்டாம் என்பேன். அந்த வேலையைத் தோடர் பெண்கள் வரைந்துகொள்ளாமல், சட்டம் கட்டாமல், துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடுகிறார்கள். கைக்குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியபடியே எண்ணிக்கை தப்பாமல் போடுவதைப் பார்த்திருக்கிறேன். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதைப் பார்த்து மெஷினில் அடித்துத் 'தோடா' என்று விற்பவர்களால் அவர்கள் பிழைப்பில் மண் விழுகிறது. நீ விற்கப் போவதில்லை, தெரியும். இருந்தாலும் ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கிற மந்திலோ (தோடர் குடியிருப்பு), அவர்களிடமிருந்தே வாங்கி விற்கிற கடையிலோ ஒரு சின்னத் துண்டு வாங்கி, அதையே பட்டையின் மேல் வைத்துத் தைத்துவிடு. வேலை செய்த கைக்குக் காசு போகும், உன் ஸ்டாக்கிங்கிலும் அசல் வேலை இருக்கும்.

உன் கையால்தான் போட வேண்டும் என்றால் சங்கிலித் தையலில் பெயர் போடு. எவ்வளவோ அழகு.

கேத்திப் பொண்ணு
நவம்பர் 28, இரவு 9:20

புரிந்தது டீச்சர். துண்டு வாங்கியே வைக்கிறேன்.

குன்னூர்க்காரி
டிசம்பர் 2, மதியம் 3:00

பெயர் என்றதும் கேட்க வேண்டும் என்று இருந்தேன். முதல் ஸ்டாக்கிங் பட்டையோடு முடிந்துவிட்டது, கனமாக நன்றாக வந்திருக்கிறது. மூத்தவன் உள்ளே கையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். இரண்டாவதில் பெயர் போடப் போகிறேன். பட்டையை உள்ளே விட்டு வெளியே மடிப்பதால் எழுத்து தலைகீழாக வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எந்தப் பக்கம் எழுதுவது? இன்னொன்று, பண்டிகை முடிந்ததும் எப்படித் துவைத்து வைப்பது?

தையல் டீச்சர், கோத்தகிரி
டிசம்பர் 2, மாலை 6:30

பட்டையை வளையமாக்கும் முன்பே எழுதிவிடுங்கள். துண்டை அகலவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பு உங்கள் வயிற்றுப் பக்கம், பிசிர் ஓரம் எதிர்ப்பக்கம் இருக்குமாறு மேஜையில் வையுங்கள். இப்போது எப்படி வாசிக்க வேண்டுமோ அப்படியே பென்சிலால் எழுதுங்கள். பிரித்து, அந்த ஒரு முகத்தில் மட்டும் சங்கிலித் தையல் போட்டு, பிறகு வளையமாகத் தையுங்கள். ஸ்டாக்கிங்குக்குள் விடும்போது பெயர் உள்ள முகம் உள்துணியைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். வெளியே மடித்ததும் பெயர் நேராக, வெளிமுகமாக நிற்கும். சந்தேகமாக இருந்தால் தைக்கும் முன் நாலு குண்டூசி குத்தி மடித்துப் பாருங்கள்.

எழுத்துக்கு ஒரு இஞ்ச் உயரம் போதும். புள்ளி, சுழி உள்ள எழுத்துகளில் தையலைச் சின்னதாக்குங்கள், அப்போதுதான் வளைவு உடையாமல் வரும்.

துவைப்பது பற்றி. உங்கள் கம்பளி ஏற்கெனவே சுருங்கியது, இருந்தாலும் இனி வெந்நீர் வேண்டாம். குளிர்ந்த நீரில் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, படுக்கைவாக்கில் காயவிடுங்கள். கொக்கியில் மாட்டிக் காயவிட்டால் ஈரப் பாரத்தில் நீளும். ஜனவரியில் பனி விழுந்த காலைகளுக்குப் பிறகு நல்ல வெயில் அடிக்குமே, அந்த நாளைப் பார்த்துச் செய்யுங்கள். உள்ளே சாக்லேட் துணுக்கோ வர்க்கித் தூளோ இருந்தால் எறும்பும் பூஞ்சையும் வரும், உள்துணியை வெளியே இழுத்து உதறுங்கள். ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகு பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், மழை மாதங்களில் உள்ளே வேர்த்துவிடும். கம்பளியைப் பூச்சி அரிக்கும் என்பதால் பெட்டியில் அந்துருண்டை போடுங்கள். அதைத் துணியில் முடிந்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத மூலையில் வையுங்கள். அடுத்த டிசம்பரில் எடுத்ததும் ஒரு நாள் முழுக்க வெளிக்காற்றில் வைத்த பிறகே தின்பண்டம் போட வேண்டும்.